தம்பியின் கோப்பு படித்த நாள்

அன்று அந்த அறையில் இருந்தவர்களைச் சொல்லிவிடுகிறேன்.

பதிவறையைப் பார்த்துக்கொள்ளும் அம்மா ஒருவர். ஆஸ்பத்திரியின் நிர்வாக அலுவலர் ஒருவர். மடியில் பையை வைத்துக்கொண்டு ஒரு சிஸ்டர். என் தம்பி மனைவி. கடைசியாக நான். டாக்டருக்கும் சொல்லி அனுப்பியிருந்தார்கள். அவர் வரவில்லை.

நாற்காலி நான்குதான் இருந்தது. நான் நின்றுகொண்டேன்.

நான் நாலாவது வரை படித்தவன். அந்தியூர்ப் பக்கம் மாடு வைத்துப் பிழைக்கிறேன். எழுதுவது எனக்கு வேலை இல்லை. ஆனால் எங்கள் பக்கம் நன்றி என்று வாயால் சொல்கிற வழக்கமும் இல்லை. சொன்னால் எதிராளிக்குக் கூச்சமாகிவிடும். அதனால் எழுதி வைக்கிறேன்.

ஆஸ்பத்திரியின் பெயரை எழுதவில்லை. எழுதினால் இன்று அங்கே வேலை செய்கிறவர்கள் தலையில் போய் விழும்.

விஷயம் இதுதான். என் தம்பி அந்த ஆஸ்பத்திரியில் கட்டிலோடு கட்டிப்போட்டபடி செத்தான். அன்று அவன் கையில் அவிழாத முதல் கட்டு போட்டது நான். அந்தக் கட்டினால்தான் செத்தானா இல்லையா என்பது எனக்குத் தெரியவில்லை. பதினாறு மாதம் தெரியாமல் இருந்தேன். நான் கட்டியதே தம்பி மனைவிக்குத் தெரியாது. கோப்பைத் திறந்தால் இரண்டும் தெரிந்துவிடும்.

தம்பி கோவையில் ஒரு பட்டறையில் லேத் ஓட்டினான். வயது நாற்பத்தொன்று. ஒரு வாரம் காய்ச்சல். அப்புறம் காய்ச்சல் மூளைக்கு ஏறிவிட்டது என்று சேர்த்துக்கொண்டார்கள். மூன்று நாள் அவன் மனைவி கூட இருந்தாள். நாலாம் நாள் காலையில் நான் போய் அவளை ஊட்டுக்கு அனுப்பினேன். குளித்துச் சோறாக்கி எடுத்துக்கொண்டு ஒரு மணிக்கு வருவதாகச் சொல்லிப் போனாள்.

தம்பிக்கு நான் யாரென்று பாதி தெரிந்தது. பாதி தெரியவில்லை. கண்ணைத் திறந்தபடி கையால் எதையோ சுற்றிக்கொண்டே இருந்தான். லேத்தின் கைப்பிடி.

"அண்ணா, மிஷினை நிறுத்துங்க. மாட்டுன ஜாப் ஆடுது."

"நிறுத்தியாச்சு. படு."

"எங்கீங்க நிறுத்துனீங்க? சத்தம் கேக்குதில்ல. ஆகாத ஆளைக் கொண்டாந்து மிஷின்ல நிறுத்துனா இப்படித்தான்."

சொல்லிவிட்டு, கையில் ஏற்றியிருந்த ஊசியைப் பிடுங்கிவிட்டான். மருந்துக் குழாயை ஏதோ எண்ணெய்க் குழாய் என்று நினைத்தான் போல. வார்டு ஆள் ஒருவர் வந்து புண்ணுக்குக் கட்டும் காஸ் துணியால் அவன் கையைக் கட்டில் கம்பியோடு கட்டினார். தம்பி உருவிவிட்டான். மறுபடி கட்டினார். மறுபடியும் உருவினான். லேத்துக்காரன் விரல். எந்தத் திருகும் கழன்றுவிடும்.

"ஏனுங்க, உங்க தம்பி வித்தைக்காரரா இருப்பாருங்களாட்ட" என்றார் வார்டு ஆள். "இது மூணாவது கட்டுங்க. எனக்கு வேற சோலி இருக்குது."

"தள்ளுங்க. நான் கட்டறேன்" என்றேன்.

என் தோள் துண்டை இரண்டாகக் கிழித்தேன். பால் கறக்கும்போது உதைக்கிற மாட்டுக்குப் பின்னங்காலில் ஒரு கட்டு போடுவோம். மாடு இழுக்க இழுக்க அது இறுகும். அதைத்தான் போட்டேன். தம்பி இழுத்துப் பார்த்தான். வரவில்லை.

"அண்ணன் கட்டுனா கட்டுதானுங்க" என்றார் அந்த ஆள்.

எனக்குப் பெருமையாக இருந்தது. அதை மறைக்கவில்லை.

அந்தக் கட்டு கறவை நேரத்துக்கு மட்டும்தான். பத்து நிமிடம். சொம்பு நிறைந்ததும் முதலில் காலை அவிழ்ப்போம், அப்புறம்தான் எழுந்திருப்போம். எங்கள் பக்கம் மாடு வைத்திருக்கிற யாருக்கும் அதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. நான் மறந்தேன். ஊரில் ஒரு மாடு அன்றோ மறுநாளோ ஈனும் நிலையில் இருந்தது. தலைச்சன் ஈத்து. என் நினைப்பு அதில் இருந்தது. தம்பி மனைவி வருகிற வரைக்கும் இருக்கவில்லை. கட்டிப் பத்து நிமிடத்தில் காந்திபுரத்துக்கு டவுன் பஸ் ஏறிவிட்டேன். கட்டினால் தூங்கிவிடுவான், அவளும் வந்துவிடுவாள் என்று கணக்குப் போட்டேன்.

நான் ஊர் போய்ச் சேர்ந்து பால் கறந்துகொண்டிருந்தபோது போன் வந்தது. தம்பி போய்விட்டான் என்று அவள்தான் சொன்னாள். என் முன்னால் மாட்டின் காலில் அதே கட்டு இருந்தது.

அந்த மாட்டை அந்த மாதமே விற்றுவிட்டேன். கட்டைப் பற்றி யாரிடமும் பேசவில்லை.

சாவுச் சான்றிதழில் இருதயம் நின்றதாக எழுதியிருந்தார்கள். தம்பி மனைவி அதைப் பார்த்துவிட்டு, "எல்லாருக்கும் கடைசியில அதுதானுங்க நிக்கும். எதுனால நின்னுச்சுன்னு எழுதலையே" என்றாள். அவள் பத்தாவது படித்தவள். ஊட்டில் ரவிக்கை தைக்கிறாள். அவளேதான் தகவல் உரிமைச் சட்டத்தில் மனு எழுதினாள். யாரும் எழுதித் தரவில்லை. மூன்று கேள்வி கேட்டிருந்தாள். என் கணவரை எப்போது கட்டினீர்கள், எப்போது அவிழ்த்தீர்கள். கட்டியது யார், கட்டியபிறகு பார்த்தது யார். இந்த ஆஸ்பத்திரியில் கட்டிப்போட்ட நிலையில் இதுவரை எத்தனை பேர் இறந்திருக்கிறார்கள்.

முதல் பதிலில், நோயாளியின் விவரத்தை வெளியாருக்குத் தர இயலாது என்றார்கள். அவள் மேல்முறையீட்டில் ஒரே வரி எழுதினாள். நான் வெளியார் இல்லை, அவருக்குச் சோறு போட்டவள். அதற்குப் பிறகுதான் கோப்பை நேரில் வந்து பார்க்கலாம் என்று கடிதம் வந்தது.

"மாமா, நீங்களும் வரோணும். தனியா என்னால முடியாது" என்று போனில் கூப்பிட்டாள்.

வருகிறேன் என்றேன். வேறு என்ன சொல்வது.

வாசலில் வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். எனக்கு என் பெயரை எழுத நேரமாகும். பதிவறை அம்மா பக்கத்திலேயே நின்றார்.

"அவசரமில்லைங்கண்ணா. கோலத்தை முடிச்சுட்டே வாங்க" என்றார்.

தம்பி மனைவி சிரித்துவிட்டாள். அத்தனை நாளில் அவள் சிரித்ததை அன்றுதான் பார்த்தேன். அந்த அம்மாவுக்கு என் முதல் நன்றி அதற்கு.

இரண்டாவதும் அவருக்கே. சிஸ்டரை வரவழைத்தது அவர்தான். கோப்பில் சிஸ்டர் எழுதிய பக்கங்கள் இங்கிலீசில் இருந்தன. அந்தக் கையெழுத்து யாருக்கும் விளங்கவில்லை. எழுதியவரையே கூப்பிட்டுப் படிக்க வைப்பதுதான் சரி என்று அலுவலரிடம் கேட்டு உத்தரவு வாங்கியிருக்கிறார். சிஸ்டருக்கு அதற்குள் மாற்றலாகியிருந்தது. பொள்ளாச்சிக்கு அந்தப்பக்கம் மலையடிவாரத்தில் ஒரு சுகாதார நிலையம். இரண்டு பஸ் மாறி வந்திருந்தார்.

"நாலு நாளாப் பாக்கறனுங்க சிஸ்டர். கோழி கிளறுனாப்புல இருக்குது" என்றார் பதிவறை அம்மா.

"நின்னுட்டே எழுதுனா அப்படித்தானுங்கக்கா வரும். உக்கார நேரம் குடுத்திருந்தா முத்து முத்தா எழுதியிருப்பேன்" என்றார் சிஸ்டர்.

அலுவலர் தொண்டையைச் செருமினார். "படிச்சுக் காட்டறது மட்டும்தானுங்க. இங்க யாரும் வாதம் பண்ண வேண்டாம். நகல் எது வேணுமோ சொல்லுங்க, எடுத்துத் தர்றோம்." நல்ல மனிதர்தான். பயந்திருந்தார்.

கோப்பு மெல்லிசாக இருந்தது. பழுப்பு அட்டை. நாடாவை அவிழ்த்து சிஸ்டர் முன்னால் வைத்தார்கள். அவர் கண்ணாடி போட்டுக்கொண்டு ஒரு பக்கத்தைத் திருப்பினார். விரலை ஒரு வரியில் வைத்தார். வாயைத் திறந்தவர் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். தம்பி செத்த நாள் காலையில் வார்டில் என்னைப் பார்த்திருக்கிறார். அடையாளம் தெரிந்துவிட்டது.

"படிக்கட்டுமாங்க?" என்று என்னிடம்தான் கேட்டார்.

நான் அந்த வரியைப் படிக்கவிடாமல் செய்திருக்கலாம். முதலில் வெளியே வாருங்கள் ஒரு வார்த்தை என்று சொல்லியிருக்கலாம். அவர் கேட்டிருப்பார். அப்படிப்பட்ட முகம்.

"படிங்க. அதுல இருக்கறது நாந்தானுங்க" என்றேன். பிறகு தம்பி மனைவியைப் பார்த்துச் சொன்னேன். "அம்மணி, அவன் கையை முதல்ல இறுக்கிக் கட்டுனது நான். மாட்டுக்குப் போடற கட்டு. கட்டிப்போட்டு பஸ் ஏறிட்டேன்."

அவள் மேசையைப் பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள்.

"பதினாறு மாசம்" என்றாள். "மாசம் ஒருக்கா என்ற ஊட்டுக்கு வந்து நான் போட்ட சோத்தைத் தின்னீங்க. அப்பெல்லாம் வாய்ல என்ன வெச்சிருந்தீங்க?"

"சோறுதான் அம்மணி."

கிண்டலாகச் சொல்லவில்லை. பதிவறை அம்மா எழுந்து அவள் தோளில் கை வைத்தார். அவள் அந்தக் கையைத் தள்ளவில்லை.

"அந்தாளு கட்டுனதை நான் இந்த ஆஸ்பத்திரிக்காரங்க கட்டுனாங்கன்னு நெனச்சு, பாக்கறவங்களை எல்லாம் சாபம் உட்டனுங்க" என்று பொதுவாகச் சொன்னாள். மாமா என்று கூப்பிட்டவள் அந்தாளு என்றாள். பிறகு, "படிங்க சிஸ்டர். ஒண்ணும் உடாமப் படிங்க" என்றாள்.

சிஸ்டர் இங்கிலீசில் ஒரு வரி படிப்பார். உடனே தமிழில் சொல்வார்.

பதினொன்று முப்பது. நோயாளியின் அண்ணன் துண்டால் இரண்டு கையையும் கட்டினார்.

பன்னிரண்டு பதினைந்து. வலது மணிக்கட்டு வீங்கியிருக்கிறது, விரல் நீலம். இரண்டு கட்டும் வெட்டி எடுக்கப்பட்டன.

"அவுக்க வரலைங்க" என்று சிஸ்டர் கோப்பிலிருந்து தலையைத் தூக்கி என்னிடம் சொன்னார். "நகம் பிஞ்சுபோச்சு. அப்பறம் கத்திரியை எடுத்தேன். நல்ல கட்டுத்தானுங்க போட்டீங்க."

நின்ற இடத்திலேயே சுவரைப் பிடித்துக்கொண்டேன்.

"அடுத்ததைக் கேளுங்க" என்றார்.

பன்னிரண்டு முப்பத்தைந்து. இரண்டு கையிலும் நிறம் வந்துவிட்டது. விரல்களை மடக்கி நீட்டுகிறார். நாடி நன்றாக இருக்கிறது.

"திரும்பப் படிங்க" என்றேன்.

திரும்பப் படித்தார்.

"இன்னொருக்காப் படிக்கட்டுமாங்க?"

"போதுமுங்க."

பன்னிரண்டு ஐம்பது. கஞ்சி அரை டம்ளர் குடித்தார்.

தம்பி மனைவி சட்டென்று நிமிர்ந்தாள். "குடிச்சாருங்களா?"

அவள் அன்று ஒரு மணிக்குத் தூக்குப் பாத்திரத்தோடு வந்துவிட்டாள். ஒன்றிலிருந்து நாலு வரை பார்வையாளர் நேரம் இல்லை என்று காவலாளி கீழேயே நிறுத்திவிட்டார். மூன்று மணி நேரம் ஒரு வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்திருக்கிறாள். மேலே பசியோடு கிடக்கிறாரே என்று நினைத்துக்கொண்டு. மேலே போனபோது சோற்றுக்கு வேலை இல்லை. அதிலிருந்து அவள் மத்தியானம் சாப்பிடுவதில்லை. அது எங்களுக்கெல்லாம் தெரியும்.

"குடிச்சாருங்க. இந்தா எழுதியிருக்கறேன் பாருங்க" என்று சிஸ்டர் கோப்பை அவள் பக்கம் திருப்பினார். "ரெண்டு கையிலயும் டம்ளரைப் புடிச்சு அவரேதான் குடிச்சாரு. உப்புப் பத்தலைன்னாரு. அது நான் எழுதலைங்க."

"அவரேதான்" என்றாள் தம்பி மனைவி. "அமுதத்தைக் குடுத்தாலும் உப்புப் பத்தலைம்பாரு." முந்தானையை எடுத்து முகத்தில் வைத்துக்கொண்டாள். அலுவலர் ஜன்னலைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

அடுத்த பக்கம்.

ஒன்று பத்து. காய்ச்சல் ஏறியது. எழுந்து பக்கத்துக் கட்டிலில் வயிற்றில் ஆபரேஷன் செய்த ஒருவர் மேல் விழுந்தார். டாக்டர் சொல்லிக் கட்டியது. மார்பில் பெட்ஷீட். இரண்டு கை. இரண்டு கால். கட்டியவர்கள் இரண்டு பேர்.

ஒன்று நாற்பது, பார்த்தேன். இரண்டு பதினைந்து, பார்த்தேன். இரண்டு ஐம்பது, பார்த்தேன்.

அப்புறம் சிஸ்டரின் குரல் இறங்கியது. ஆனாலும் படித்தார்.

"இரண்டு ஐம்பதிலிருந்து நாலு ஐந்து வரை இந்த நோயாளியை யாரும் பார்க்கவில்லை. விபத்து கேஸ்கள் வந்ததால் நான் கீழே இருந்தேன். நாலு ஐந்துக்கு வந்து பார்த்தபோது மார்பில் கட்டிய துணி மேலே ஏறிக் கழுத்தில் இருந்தது. மூச்சு இல்லை."

அதற்குக் கீழே அவருடைய கையெழுத்து. அதற்கு அடுத்த பக்கத்தில் டாக்டர் எழுதியது. இருதயம் நின்றது. அதில் துணி இல்லை, கழுத்து இல்லை.

"இதை இப்படியே எழுதோணும்னு உங்களுக்கு யாரு சொன்னாங்க?" என்று தம்பி மனைவி கேட்டாள்.

"யாரும் சொல்லலைங்க."

"வேற மாதிரி எழுதச் சொன்னாங்களா?"

சிஸ்டர் அலுவலரைப் பார்த்தார். அலுவலர் மேசையைப் பார்த்தார்.

"எழுதுனது எழுதுனதுதானுங்க" என்றார் சிஸ்டர். "நாப்பது கட்டிலுக்கு அன்னிக்கு ரெண்டு பேரு. ஒருத்திக்குக் காச்சல், வரலை. ஆனா நான் பாக்கலைங்கறது நெசந்தானுங்களே. அந்த ஒண்ணே கால் மணி நேரம் யாரும் பாக்கலைங்க. பஸ்ல வர்றப்பவும் அதுதான் ஓடுச்சு. நீங்க திட்டுனா வாங்கிக்கலாம்னுதான் வந்தனுங்க."

தம்பி மனைவி திட்டவில்லை. சிஸ்டரின் கையைப் பிடித்து, பிய்ந்த நகம் எது என்று பார்ப்பது போலப் பார்த்தாள். எப்போதோ வளர்ந்திருக்கும்.

அப்போது நான் பேசினேன். நான் அதிகம் பேசுகிறவன் இல்லை. அன்று பேசினேன்.

"மாட்டைச் சாய்ச்சு லாடம் அடிக்கறப்ப நாலு காலையும் சேத்துக் கட்டுவோமுங்க. கட்டுனா ஒரு ஆளு தலைமாட்டுல உக்காந்தரோணும். அந்த ஆளு காலைப் புடிக்கக் கூடாது, ஆணி எடுத்துக் குடுக்கக் கூடாது. பீடி கூடப் பத்தவெக்க மாட்டான். மூச்சை மட்டும் பாக்கோணும். அந்த ஆளு இல்லைன்னா லாடக்காரன் மாட்டைச் சாய்க்கவே மாட்டான், போய்ட்டு நாளைக்கு வாங்கன்னுருவான். உங்களுக்கு அந்த ஆளை யாரும் குடுக்கலைங்க. உங்க மேல தப்பில்லை. நான் இருந்திருந்தா நான் உக்காந்திருப்பேன். நான் பஸ்ஸுல இருந்தேன்."

சிஸ்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அதை அன்னிக்கு யாராச்சும் டாக்டருக்குச் சொல்லியிருக்கலாமுங்க" என்றார்.

அலுவலர் ஒரு தாளை எடுத்து நான் சொன்னதைக் குறித்துக்கொண்டார். எதற்கு என்று நான் கேட்கவில்லை.

மூன்றாவது கேள்வி மிச்சமிருந்தது. எத்தனை பேர்.

"அப்படி ஒரு கணக்கு நாங்க வைக்கறதில்லைங்க" என்றார் அலுவலர். "என்ன வியாதியோ அதைத்தான் பதிவு பண்றோம். கட்டுனதுல செத்தாங்கன்னு எழுத ஒரு கட்டமே பாரத்துல இல்லைங்க."

அவர் பொய் சொல்லவில்லை. பாரத்தை எடுத்துக் காட்டினார். இல்லைதான்.

எனக்கு என் கிடாரிக் கன்று ஞாபகம் வந்தது. இரண்டு வருடம் முன்னால் முளைக்குச்சியைச் சுற்றிச் சுற்றிக் கயிறு இறுகிச் செத்துப்போனது. கால்நடை டாக்டர் வந்து கழுத்தைத் தடவிப் பார்த்து, காதில் மாட்டியிருந்த தகட்டின் எண்ணைக் குறித்து, கயிறு இறுகி மூச்சடைத்தது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். கன்றுக்கு எழுதிய காரணத்தை என் தம்பிக்கு எழுதக் கட்டம் இல்லை. இதை அலுவலரிடம் சொன்னேன். சத்தம் போட்டுச் சொல்லவில்லை.

அவர் கொஞ்ச நேரம் பேனாவை மூடித் திறந்துகொண்டிருந்தார்.

"கணக்கு இல்லைன்னா இன்னிக்கு ஆரம்பியுங்க" என்றாள் தம்பி மனைவி. "மொதப் பேரு என்ற ஊட்டுக்காரர் பேரா இருக்கட்டும்."

"அதுக்கு மேல இருந்து உத்தரவு வரோணுமுங்க அம்மா" என்றார். ஆனால் மூன்று வாரம் கழித்து அவர் அனுப்பிய பதிலில், இதற்கெனத் தனிப் பதிவேடு இல்லை என்பதற்குக் கீழே இன்னொரு வரி இருந்தது. மனுதாரர் பார்வையிட்ட கோப்பின்படி, கட்டப்பட்ட நிலையில் இறந்தவர் ஒருவர். அலுவலகக் கடிதம், முத்திரையோடு. அந்த வரியை எழுதச் சொல்லி அவருக்கு எந்த உத்தரவும் இல்லை. அவருக்கும் என் நன்றி. அந்த வார்டில் இப்போது கட்டினால் நேரம் எழுதுகிற நோட்டு ஒன்று வைத்திருப்பதாகப் பதிவறை அம்மா பிறகு போனில் சொன்னார். அவரே ஸ்கேல் வைத்துக் கோடு போட்டாராம். நான் போய்ப் பார்க்கவில்லை. போட்டிருப்பார்.

சிஸ்டருக்கு என்ன செய்வது என்று தெரியவில்லை. அடுத்த மாதம் ஒரு தூக்கு நெய்யோடு மலையடிவாரத்துக்குப் போனேன். வேண்டவே வேண்டாம் என்றார்.

"நான் வேண்டாங்கறது உங்க நெய்யை இல்லைங்க. இதை வாங்குனா அன்னிக்கு எழுதுனதுக்குக் கூலி வாங்குனாப்புல ஆயிருமுங்க."

"கூலி இல்லைங்க. கஞ்சிக்கு" என்றேன்.

"அரை டம்ளர் கஞ்சிக்கு ரெண்டு படி நெய்யா? உங்க மாட்டுக்குக் கட்டுபடி ஆகாதுங்கண்ணா" என்று சிரித்தார். கடைசியில், மாடு என்ன குற்றம் செய்தது என்று சொல்லி ஒரு டம்ளரில் ஊற்றிக்கொண்டு மீதியைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

கோப்பு படித்த அன்றைக்குத் திரும்ப வருகிறேன். நகல் எல்லாம் வாங்கிக்கொண்டு வெளியே வந்தபோது மணி ஒன்றரை. காந்திபுரம் வரைக்கும் தம்பி மனைவி என்னோடு பேசவில்லை. டவுன் பஸ்ஸில் பெண்கள் பக்கம் போய் உட்கார்ந்துகொண்டாள். என்னைத் திரும்பிப் பார்க்கவும் இல்லை. இறங்கியதும் அவள் பாட்டுக்கு நடந்தாள். நான் பின்னால் நடந்தேன். பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் ஒரு பேக்கரி முன்னால் நின்றாள்.

"எனக்குப் பசிக்குது" என்றாள்.

மத்தியானம் அவள் அப்படிச் சொல்லி நான் கேட்டது ரொம்ப நாளைக்கப்புறம். இரண்டு தேங்காய் பன், இரண்டு டீ சொன்னேன். நின்றபடியே தின்றாள். முழுவதும் தின்றாள். என்னுடையதில் பாதியைப் பிய்த்து எடுத்துக்கொண்டாள். பிடுங்கிக்கொண்டாள் என்றே சொல்லலாம்.

"நீங்க மறைச்சதை நான் மறக்க மாட்டேன்" என்றாள்.

"மறக்க வேண்டாம் அம்மணி."

"உங்க கட்டு அவரைக் கொல்லலை. அது வேற. மறைச்சது வேற."

"ஆமா."

"ஆமாங்கறதுக்கு மட்டும் வாய் இருக்குது."

திட்டினாள். பேக்கரிக்காரர் பார்க்கும்படி திட்டினாள். பதினாறு மாதமாக நான் எனக்கே சொல்லிக்கொண்ட வார்த்தைகளை விட அவள் சொன்னவை லேசாக இருந்தன. அவள் வாயால் கேட்டதும் நெஞ்சில் ஏதோ இறங்கியது. அதற்கும் நன்றிதான் சொல்ல வேண்டும். மறுபடி மாமா என்று கூப்பிட்டாள். அதற்கும்.

டீ குடித்து முடித்ததும் பையிலிருந்து நகலை எடுத்து மேசையில் விரித்தாள். கிளாஸின் ஈரம் படாமல் முந்தானையால் துடைத்துவிட்டு விரித்தாள்.

"மாமா, ஒரு கணக்குப் போடுங்க. உங்க கட்டை வெட்டுனது எப்ப?"

"பன்னண்டே கால்."

"அவிங்க கட்டுனது?"

"ஒண்ணு பத்து."

"அந்த நேரம் பூரா அவரு கை சும்மா இருந்துச்சு. கஞ்சி குடிச்சாரு. உப்புக் கேட்டாரு. அது எவ்வளவு நேரமுங்க?"

விரலை மடக்கி எண்ணினேன். பன்னிரண்டே காலிலிருந்து ஒன்று, முக்கால் மணி. மேலே பத்து.

"ஏனுங்க, இத்தனை நேரமா? பாலுக்கு இப்படித்தான் கணக்குப் போடுவீங்களா?"

"இரு அம்மணி. தப்பா வந்துரக் கூடாது."

இன்னொரு முறை எண்ணினேன். அதேதான் வந்தது.

ஐம்பத்தைந்து நிமிடம்.